அப்பாவின் வேலைக்கு என் பெயர்

பிரபா,

போனில் கூப்பிட்டால் "சாப்பிட்டேன்", "ம்", "வச்சிடவா" என்று முடித்துவிடுகிறாய். அதற்குள் நான் சொல்ல வந்ததை நுழைக்க முடியவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை இழுத்துச் சொன்னால் நீ பாதியிலேயே மடித்து வைத்துவிடுவாய். அப்பா பணியில் இருக்கும்போதே போய்விட்டதால், மாநகராட்சி நம் குடும்பத்தில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் ஒரு வேலை தரும். அந்த வேலைக்கு உன் பெயரைக் கொடுக்கப் போவதில்லை. கவிதா அக்காவின் பெயரையும் கொடுக்கப் போவதில்லை. என் பெயரைக் கொடுக்கப் போகிறேன். அதற்கு உங்கள் இரண்டு பேருக்கும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அக்கா போட்டுவிட்டாள். நீதான் பாக்கி.

உனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். இப்போது காது சிவந்திருக்கும் என்று தெரியும். கொஞ்சம் ஆறவிட்டுப் படி. நீ கைக்குழந்தையாக இருந்தபோதே அப்படித்தான். பால் ஆறும்வரை கத்துவாய், ஆறினபிறகு கத்தினது மறந்து குடிப்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மாப்பிள்ளையும் திருவெள்ளறையிலிருந்து வாழைத்தாரோடு வந்து இறங்கியபோது வீடு நன்றாகத்தான் இருந்தது. "என்ன மாமா, தார் விலை இறங்கிப்போச்சா, இங்க கொண்டாந்து தள்ளுறீங்க?" என்று நீ கிண்டல் பண்ணினாய். அவரும் சிரித்தார். சாப்பிட்டு முடித்தபின் அக்கா பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அம்மா, அப்பா வேலையை எனக்குக் கேக்கலாம்னு இருக்கேன். இப்பல்லாம் கல்யாணமான பொண்ணுக்கும் உண்டாம். கோர்ட்டுல நிறைய கேஸ்ல சொல்லிட்டாங்களாம், ரூலும் மாறிடுச்சாம்." ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த பேச்சு அது. நீ முதலில் சிரித்தாய். பிறகு அவள் விளையாடவில்லை என்று தெரிந்ததும், "கட்டிக் குடுத்தாச்சு. இந்த வீட்டு ரேஷன் கார்டுல உனக்குப் பேரே இல்ல. இங்க உள்ள வேலை உனக்கு எதுக்கு?" என்றாய்.

அதற்கு அவள் சொன்ன பதிலை நீ சரியாகக் காதில் வாங்கியிருக்க மாட்டாய். எனக்கு அது இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. "பேரை எடுத்தது நானாடா? கல்யாணம் முடிஞ்ச கையோட அப்பாதான் சந்தோஷமாப் போயி எடுத்துட்டு வந்தாரு, அங்க சேக்கணும்னு. கார்டுலேர்ந்து எடுத்துட்டா மக இல்லைன்னு ஆயிடுமா? நாளைக்கு உனக்குக் கல்யாணம் ஆனா நீ மகன் இல்லாமப் போயிடுவியா?"

நீ சட்டையை மாட்டிக்கொண்டே, "நான் எல்லாத்தையும் விட்டுட்டு இதுக்காக உக்காந்திருக்கேன். இவ இப்ப வந்து பங்கு கேக்குறா" என்றாய். பிறகு இரண்டு பேரும் என்னைப் பார்த்தீர்கள். "நீ சொல்லும்மா" என்று இரண்டு குரலும் ஒன்றாக வந்தது. சின்ன வயதில் தட்டில் கடைசி முறுக்கு மிஞ்சும்போதும் இப்படித்தான் கேட்பீர்கள். அப்போது முறுக்கை இரண்டாக உடைத்துக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். இதை எப்படி உடைப்பது? நீ பையை எடுத்துக்கொண்டு துவாக்குடியில் நண்பர்கள் ரூமுக்குப் போனாய். அக்கா பஸ் ஏறும்வரை அழுதாள். வாழைத்தார் மூலையில் கிடந்தது. தெருவில் எல்லோருக்கும் சீப்பு சீப்பாகக் கொடுத்துத் தீர்த்தேன்.

அக்கா சொன்னது சரி, பிரபா. சட்டம் சொல்வதால் மட்டும் சரி இல்லை. உன்னைவிட அவளுக்கு அப்பாமேல் பாசம் ஒரு பிடி அதிகமோ என்று எனக்கே சந்தேகம் உண்டு. ஆனால் அதனாலேயே அவளுக்குக் கொடுக்க வேண்டும் என்றும் எனக்குத் தோன்றவில்லை. நீ சொன்னதிலும் நியாயம் இருந்தது. இரண்டு நியாயத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒரு வாரம் நான் சமைத்த குழம்பில் உப்பு சரியாக விழவில்லை.

இந்த வேலை எங்கிருந்து வந்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. நீ பார்த்த அப்பா, கொள்ளிடக் கரை நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர், காக்கிச் சட்டை, மாதம் பிறந்தால் சம்பளம். நான் கல்யாணம் பண்ணிக்கொண்ட அப்பா தினக்கூலி. அதே நிலையம், அதே மோட்டார், அதே ஷிப்ட். வராத நாளுக்குக் கூலி கிடையாது, காய்ச்சல் வந்தால் அது நம் செலவு. பொண்ணு பார்க்க வந்தபோது "மாநகராட்சியில் வேலை" என்றுதான் சொன்னார்கள். பொய் இல்லை. எந்த மாதிரி வேலை என்று எங்கள் வீட்டிலும் யாரும் துருவிக் கேட்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒரு நாள், "நீங்க எப்ப பர்மனென்ட் ஆவீங்க?" என்று கேட்டேன். "கொள்ளிடம் வத்தாம இருந்தா நானும் இருப்பேன், அவ்வளவுதான் தெரியும்" என்று சிரித்தார். வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே திரண்டு வந்து சொர்க்கவாசல் பார்க்கும். அவருக்கு அன்றைக்கு இரட்டை ஷிப்ட். இத்தனை வருஷம் ஸ்ரீரங்கத்தில் இருந்து அந்த மனுஷன் ஒரு முறைகூட சொர்க்கவாசல் பார்க்கவில்லை. "பாத்துட்டு வர்ற அத்தனை பேருக்கும் தண்ணி வேணும்ல" என்பார்.

பத்து வருஷம் முடித்த தினக்கூலிகளை நிரந்தரமாக்கலாம் என்று அரசாணை வந்தபோது, ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பயம். பத்து வருஷம் வேலை பார்த்தேன் என்று எப்படிக் காட்டுவது? அந்தக் காலத்தில் உனக்கு நடக்க வந்துவிட்டது, பேசவும் வந்துவிட்டது, ஸ்கூலுக்குப் போக மட்டும் மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை தவறாமல் அப்பாவோடு தினக்கூலியாக இருந்த அந்தோணி மாமாவும் இன்னும் நாலைந்து பேரும் நம் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். நான் மனு எழுதுவேன். யார் எந்த வருஷம் எந்த மோட்டாரில் இருந்தார்கள், யார் மேற்பார்வை, எந்த வெள்ளத்தில் யார் கரையிலேயே தங்கினார்கள் என்று அவர்கள் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவேன். "வக்கீலம்மா, என்னதுல கொஞ்சம் உருக்கமா எழுதுங்க, எனக்கு மூணு பொண்ணு" என்பார் அந்தோணி மாமா. "உங்களுக்கு ரெண்டுதானேண்ணே?" என்றால், "எழுதி வைங்க தங்கச்சி, ஆர்டர் வர்றதுக்குள்ள ஆயிடும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நீ அவர் மடியில் உட்கார்ந்து அவர் மீசையைப் பிடித்து இழுப்பாய். அப்பா டீ போடுவார். ஆமாம், அவர்தான் டீ போடுவார். நான் எழுதிக்கொண்டிருந்தேன் இல்லையா.

ஒன்று மட்டும் சொல்கிறேன், பெருமைக்காக இல்லை. அந்தச் சில மாதங்கள்தான் என் கல்யாண வாழ்க்கையில் நான் மிகவும் உயிரோடு இருந்த மாதங்கள். நிரந்தரம் ஆன அன்றைக்கு அப்பா ஆர்டரை என் கையில் கொடுத்து, "நீ எழுதினது, நீயே படி" என்றார். நான் படித்தேன். அதன்பிறகு யாரும் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வர வேண்டிய அவசியம் இல்லை. நல்லதுதான் நடந்தது. எனக்கு மட்டும் ஏதோ வேலை போய்விட்ட மாதிரி இருந்தது. அதை யாரிடம் சொல்ல முடியும்? அந்த ஆணை வராமல் அப்பா தினக்கூலியாகவே போயிருந்தால், இன்றைக்கு நீயும் அக்காவும் சண்டை போடுவதற்கு எதுவும் இருந்திருக்காது என்பதை மட்டும் நினைத்துக்கொள்.

அப்பா போன பிறகு, பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் பெரியப்பா சொல்லிவிட்டார்: "பையன் இருக்கான், கவலை இல்ல. அரியர் பேப்பரை முடிச்சிட்டுப் போட்டா நல்ல போஸ்டாவே கேக்கலாம்." எல்லோரும் தலையாட்டினோம். நானும்தான். அந்த நேரத்தில் யார் எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன். நீ அரியர் எழுதினாய், முடித்தாய். அதற்குள் தெருவில் உன்னை "மாநகராட்சி" என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். லால்குடியிலிருந்து பெண் வீட்டார் ஜாதகம் கேட்டு வந்து, "ஆர்டர் கைக்கு வரட்டும், பேசிக்கலாம்" என்று காபி குடித்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கு உனக்கு அது பெருமையாக இருந்தது. எனக்கு அவர்கள் உன்னைப் பார்த்தது போலவே தெரியவில்லை. நீ உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் ஏதோ ஒரு மேசையைத் தேடுகிற பார்வை.

துவாக்குடியில் உன் பட்டறைக்காரர் ஓசூரில் வெல்டிங் இன்ஸ்பெக்ஷன் பயிற்சிக்கு அனுப்புகிறேன் என்றபோது நீ போகவில்லை. "எப்ப வேணா கூப்பிடுவாங்கம்மா, இப்ப போயி மாட்டிக்கக் கூடாது" என்றாய். நானும், சரி இரு என்றேன். வெளியூர் போகாமல் நீ பக்கத்திலேயே இருந்தால் எனக்கும் வசதியாக இருந்தது. அது உன் நல்லதுக்காகச் சொன்னது இல்லை, எனக்காகச் சொன்னது. ஆனால் அதைவிட எனக்கு நினைவிருப்பது வேறொரு நாள். நீ போட்ட வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தாய். செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்று, "ஒரு புள்ளி கூட இல்லம்மா, ஒரு புள்ளி கூட இல்ல" என்றாய். எனக்கு என்ன புள்ளி என்று தெரியாது. உன் முகம் தெரியும். ஆர்டர் பேச்சு வரும்போது உன் முகம் அப்படி இருந்ததில்லை. நீ என்ன செய்ய வேண்டும் என்று இதில் நான் சொல்லவில்லை. பார்த்ததைச் சொல்கிறேன்.

நீ கோபித்துக்கொண்டு போன அடுத்த வாரம் நான் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். உனக்கா அக்காவுக்கா என்று என்னால் முடிவெடுக்க முடியவில்லை. சட்டம் யாருக்கு என்று சொல்கிறதோ அவருக்குக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம் என்ற எண்ணம்தான். பணியாளர் விவரம் பார்க்கிற பிரிவில் ஒரு பெண் இருந்தாள். அக்காவைவிட நாலைந்து வயது மூத்திருப்பாள். மேசைமேல் கோப்புக்கு நடுவே ஒரு டிபன் பாக்ஸ், அதன்மேல் தலைக்குக் குளித்த ஈரம் காயாத பின்னல் விழுந்துகொண்டிருந்தது. நான் முழுக் கதையையும் சொன்னேன். அவள் நிறுத்தாமல் கேட்டாள். "கல்யாணமான பொண்ணும் கேக்கலாங்க, இப்ப அதுல வித்தியாசம் இல்ல" என்றாள். "ஆனா ஒருத்தர் கேட்டா மத்தவங்க ஆட்சேபணை இல்லைன்னு எழுதித் தரணும். அது இல்லாம எடுத்துக்க மாட்டாங்க. அவர் தவறி மூணு வருஷத்துக்குள்ள குடுத்துடணும், பாத்துக்கங்க. உங்களுக்கு ஆவணிக்குள்ள முடியுது."

"யாருக்கு முதல் உரிமைன்னு ஏதாவது இருக்காம்மா?" என்றேன்.

அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். "இது பங்கு போடுற சொத்து இல்லைங்க மேடம். சம்பாதிச்சவர் போயிட்டாரு, குடும்பம் நிக்கணும்னு குடுக்கிறது. சரி, பையனைச் சொன்னீங்க, பொண்ணைச் சொன்னீங்க. நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"நானா? பி.காம்."

"முடிச்சிட்டீங்களா?"

"முடிச்சேன்."

"வயசு?"

"நாப்பத்தேழு."

"அப்புறம் என்ன?" என்றாள். அவ்வளவுதான். அடுத்த ஆள் வந்துவிட்டார், அவள் அவர் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினவள், ஏனோ வழியில் சத்திரம் பேருந்து நிலையத்திலேயே இறங்கிவிட்டேன். அங்கே ஒரு டீக்கடையில் நின்று டீ குடித்தேன். தனியாக நின்று டீ குடிப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. கல்யாணத்துக்குப் பிறகு யாராவது "நீங்க என்ன படிச்சிருக்கீங்க" என்று கேட்டிருக்கிறார்களா என்று யோசித்துப் பார்த்தேன். உங்கள் ஸ்கூல் படிவங்களில் தாயின் கல்வித் தகுதி என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக்கூட நானே கேட்டு நானே எழுதிக்கொண்டதுதான். பூக்கடைக்காரர்கள் ஏலம் போட்டுக் கத்துகிறார்கள், துறையூர் பஸ்ஸுக்கு ஆள் ஓடுகிறது, நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு இந்த வேலை வேண்டும் என்று நினைத்தேன். நினைத்ததும் பயந்துபோய்ச் சுற்றிப் பார்த்தேன், யாருக்கோ கேட்டுவிட்ட மாதிரி.

முதலில் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பிள்ளைகள் சண்டை போடுகிறார்கள், நான் எடுத்துக்கொண்டால் சண்டை தீரும், வேறு வழியில்லாமல் செய்கிறேன் என்று. பெரியப்பாவிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர், "பையன் இருக்கும்போது பொம்பள வேலைக்குப் போனா ஊரு என்ன பேசும்?" என்றார். "ஊரு ஏற்கெனவே பேசிட்டுதான் இருக்கு, எனக்குச் சம்பளம் வந்தா கொஞ்சம் மரியாதையாப் பேசும்" என்றேன். எங்கிருந்து அந்த வாய் வந்தது என்று தெரியவில்லை. ஆனால் உன்னிடம் அந்தச் சமாதானத்தைச் சொல்ல மாட்டேன். நீங்கள் சண்டை போடாமல் இருந்திருந்தாலும், அந்தப் பெண் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், எனக்கு வேண்டும் என்றுதான் தோன்றியிருக்கும். தியாகம் என்று சொல்லி உன் தலையில் பாரம் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. எனக்கு வேலைக்குப் போக ஆசையாக இருக்கிறது, பிரபா. காலையில் பஸ் பிடித்து, ஒரு மேசையில் உட்கார்ந்து, யாரோ கொண்டுவருகிற மனுவைப் படித்து, இதில் என்ன குறைகிறது என்று சொல்லி அனுப்ப ஆசையாக இருக்கிறது.

அக்கா பிறந்தபிறகு ஒருமுறை பக்கத்துத் தெரு மளிகை மொத்த வியாபாரி கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்று கேட்டார். அப்பாவிடம் சொன்னேன். "நீ வேலைக்குப் போயிட்டா, ஷிப்ட் முடிஞ்சு நான் யாரைப் பாக்க ஓடி வர்றது?" என்றார். எவ்வளவு அழகாகச் சொன்னார் பார். நான் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். அவர் தடுத்தார் என்று சொல்லவே முடியாது. அன்பாகச் சொல்லும் சொல்லுக்கு எதிர்வாதம் கிடையாது, அதுதான் அதில் உள்ள சிக்கல். உனக்குக் கல்யாணம் ஆகும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள். உன் பெண்டாட்டி ஏதாவது ஆசைப்பட்டுக் கேட்டால் அழகாகப் பேசாதே. சரி என்றோ வேண்டாம் என்றோ நேராகச் சொல், அவளும் நேராகச் சண்டை போடட்டும். அப்பாமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இப்போது அவர் இருந்தால், அவரே டீ போட்டுக் கொடுத்து அனுப்புவார் என்றுதான் நினைக்கிறேன்.

கல்லூரியில் பட்டச் சான்றிதழை நான் வாங்கவே இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. பரீட்சை முடிந்த சூட்டோடு கல்யாணம், பட்டமளிப்பு அன்றைக்கு மசக்கை. இப்போது தற்காலிகச் சான்றிதழோடு அங்கே போய் நின்றேன். அங்கிருந்த பையன், "இவ்வளவு வருஷமா வாங்கலையாம்மா?" என்றான். "அவசரம் வரலப்பா" என்றேன். அவன் சிரித்தான். எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், வரும்.

பிறகு திருவெள்ளறைக்குப் போனேன். அக்காவிடம் இதைச் சொல்லத்தான் உன்னிடம் சொல்வதைவிடப் பயமாக இருந்தது. அவளுக்கு அந்த வேலை எதற்கு என்று நீ நினைத்தாயா? இரண்டு வருஷமாக வாழை காற்றில் சாய்ந்தது. குழந்தையை டவுன் ஸ்கூலில் சேர்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அதோடு, அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு ஒரு எடை வேண்டும். அவளிடம் நான் எதையும் மறைக்காமல் சொன்னேன். உன் உரிமை உண்மைதான், நீ விட்டுக் கொடுத்தால்தான் எனக்குக் கிடைக்கும், இல்லையென்றால் இல்லை என்றேன். முதலில், "நீயா?" என்றாள். அதற்குள் மாப்பிள்ளை குறுக்கே வந்தார். "அத்தை, இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? நாங்க இல்லையா?" என்றார். நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். அக்கா அவர்மேல் பாய்ந்தாள். "உங்கம்மா எழுபது வயசுல களை எடுக்கப் போறாங்க, அது அலைச்சல் இல்ல. எங்கம்மா ஃபேனுக்குக் கீழ உக்காந்து எழுதுறதுதான் அலைச்சலா?" கூடத்தில் இருந்த சம்பந்தியம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார்கள். "நல்லாக் கேளுடி" என்றார்கள்.

அக்கா அழுதாள், அதையும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போட்டபின்தான் அழுதாள். "நான் கேட்டது தப்பாம்மா?" என்றாள். தப்பில்லை, நீ கேட்காமல் இருந்திருந்தால் நான் அந்த அலுவலகத்துக்கே போயிருக்க மாட்டேன் என்றேன். நிஜம்தானே. கல்யாணமான மகளுக்கும் உரிமை உண்டு என்று யாரோ முகம் தெரியாத பெண்கள் கோர்ட் படியேறி வாங்கி வைத்தது. அது அவளுக்கு வேலை தரவில்லை. ஆனால் "நீங்க என்ன படிச்சிருக்கீங்க" என்ற கேள்வி என்னிடம் வருவதற்கு அதுதான் வழி விட்டது. பேத்தியை டவுன் ஸ்கூலில் சேர்த்து என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதை அவளுக்குக் கொடுக்கும் ஈடாகச் சொல்லவில்லை. எனக்கும் வீட்டில் ஒரு சத்தம் வேண்டும்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ இழப்பது சின்ன விஷயம் இல்லை. அப்பா வேலை பார்த்த நிலையத்தில் இப்போது பாதிப் பேர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். நிரந்தர வேலை என்பது இனிமேல் யாருக்கும் லேசில் கிடைக்கப் போவதில்லை. அதை உன் கையிலிருந்து நான் எடுக்கிறேன். எடுக்கவில்லை என்று மழுப்ப மாட்டேன். நீ காத்திருந்த காலத்தை என்னால் திருப்பித் தர முடியாது. லால்குடிக்காரர்கள் வேறு இடம் பார்ப்பார்கள். அவர்கள் போகட்டும் என்று எனக்குச் சொல்லத் தோன்றுகிறது, ஆனால் அதை நீதான் சொல்ல வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. இந்த வேலையை நீ வாங்கினால், அம்மாவைக் கடைசிவரை காப்பாற்றுவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அது சட்டம் கேட்பது, என்னைப் போன்றவர்களின் பாதுகாப்புக்காகக் கேட்பது, சரியானதுதான். ஆனால் நீ எனக்குச் சோறு போடுவது ஒரு உறுதிமொழித் தாளில் இருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வந்தால் நீ அந்தத் தாளை நினைப்பாய், நானும் நினைப்பேன். என் சோறு என் சம்பளத்தில் வரட்டும். நீ எனக்கு ஏதாவது வாங்கி வந்தால் அது மல்லிகைப்பூவாகவோ பூந்தியாகவோ இருக்கட்டும்.

நீ மறுக்கலாம். அந்த உரிமை உனக்கு இருக்கிறது, அக்காவுக்கு இருந்த மாதிரியே. நீ மறுத்தால் நான் உன் பெயருக்கு ஆட்சேபணை இல்லை என்று போட மாட்டேன். இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. மனசில்லாத கையெழுத்தை உனக்குத் தர எனக்குப் பிடிக்கவில்லை. அப்போது ஆவணி பிறக்கும், கெடு முடியும், அப்பாவின் வேலை நம் மூன்று பேரில் யாருக்கும் இல்லாமல் போகும். அப்படி ஆனால் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கவும் என்னால் முடியாது. மளிகைக்கடைக் கணக்கோ, வேறு எதுவோ, நான் ஒரு வேலை தேடிக்கொண்டு போகத்தான் போகிறேன். அந்த டீக்கடையில் நின்றதிலிருந்து நான் இன்னும் வீட்டுக்குள் முழுசாகத் திரும்பி வரவில்லை.

வியாழக்கிழமை கொண்டுவந்து கொடுத்தால் நல்லது என்று அந்த ஆபீஸ் பெண் சொல்லியிருக்கிறாள். பையனுக்குத் தபாலில் அனுப்பினால் போதும், அங்கேயே ஒரு நோட்டரியிடம் போட்டு முத்திரை வைத்து அனுப்பிவிடலாம் என்றும் சொன்னாள். இந்த உறைக்குள் அந்தத் தாளைத் தேடாதே. வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. புதன்கிழமை உனக்கு முதல் ஷிப்ட்தானே. முடிந்ததும் பஸ் ஏறி வா. உனக்குப் பிடித்த வத்தக்குழம்பு வைத்து, அப்பளம் பொரிக்காமல் காத்திருப்பேன். ஆறிப்போனால் நீ தொட மாட்டாய். சாப்பிடும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன். சாப்பிட்டு முடித்துத் தாளைப் படித்துப் பார். கேட்க வேண்டியதைக் கேள், கத்த வேண்டும் என்றால் கத்து, பக்கத்து வீட்டில் கேட்டால் கேட்கட்டும். மனசு வரவில்லை என்றால் போடாதே. இருந்து தூங்கி எழுந்து காலையில் வேலைக்குப் போ. கையெழுத்து இல்லாமல் நீ வந்து போவதை நான் தாங்கிக்கொள்வேன். நீ வராமல் கையெழுத்து மட்டும் வந்து சேர்ந்தால், அதை எடுத்துக்கொண்டு அந்த ஆபீஸ் படியேற என்னால் முடியாது.

அம்மா